சத்தம் கேட்கும் தூரம்

வெண்கல நாட்டில் வைத்தியர்கள் மணிச் சத்தத்துக்குத்தான் வருவார்கள். வேறு எதற்கும் வரமாட்டார்கள்.

அந்நாட்டின் முதல் வைத்தியருக்குக் கண் தெரியாது. நோயாளி இருக்கும் இடத்தில் மணி அடித்தால், சத்தம் வரும் திசையில் தடியை ஊன்றிக்கொண்டு நடப்பார். அவர் காலமாகிப் பல தலைமுறை ஆயிற்று. பின்னால் வந்த வைத்தியர்களுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் குருவின் வழியை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. தெருவில் ஒருவன் மயங்கிக் கிடந்தால் வைத்தியர் அருகில் நின்று காதைச் சாய்த்துக் காத்திருப்பார். மணி அடிக்காவிட்டால் வருத்தத்தோடு போய்விடுவார்.

மணிகள் முதலாளிகளிடம் இருந்தன. முன்பொரு போரின்போது, கூலியை யாரும் உயர்த்தக் கூடாது என்று அரண்மனை ஆணையிட்டது. ஆள் கிடைக்கவில்லை. கூலியைக் கூட்ட முடியாத முதலாளிகள் வாசலில் மணியைக் கட்டினார்கள். எங்களிடம் வேலைக்கு வா, உனக்கோ உன் பிள்ளைக்கோ நோய் வந்தால் மணி அடிப்போம், வைத்தியரின் தட்சிணையை நாங்களே கொடுப்போம் என்றார்கள். போர் முடிந்தது. ஆணையும் போயிற்று. மணி போகவில்லை.

மணிக்கு வரும் வைத்தியர் அந்தச் சத்தம் எட்டும் இடம் வரைதான் நடப்பார். அதற்கு அப்பால் அவருக்கு வேலை இல்லை. ஆகவே மக்கள் தங்கள் முதலாளியின் மணி கேட்கும் தூரத்துக்குள் வாழ்ந்தார்கள். வீடு கட்டப் போகிறவன் முதலில் வெற்று மனையில் நின்று காது கொடுத்துப் பார்ப்பான். பெண் கொடுக்கப் போகிறவர்களின் முதல் கேள்வி, பையன் வீட்டில் எந்த மணி கேட்கிறது என்பதுதான்.

மருதாயி தறிமாளிகையில் மணி அடிப்பவள்.

தறிமாளிகை அந்நாட்டின் பெரிய நெசவுக்கூடம். அதன் மணியும் பெரியது. நாக்கு இரும்பு, மணி வெண்கலம். நோய் என்றால் மூன்று அடி. மருதாயி நாலு அடி அடிப்பாள். நாலாவது அடிக்குச் சட்டத்தில் பொருள் கிடையாது. அது அவளுடைய கணவன் மாறப்பனுக்கு.

மாறப்பன் முன்பு தறிமாளிகையின் தச்சன். தறிக்கட்டை செதுக்கிச் செதுக்கிச் சலித்துப்போனான். அவனுக்கு ஓடம் கட்ட ஆசை. ஓடம் கட்ட ஆறு வேண்டும். ஆறு கிழக்கே, ஒரு காலை நேர நடைதூரத்தில் ஓடியது. அங்கே மணி கேட்காது.

ஒருமுறை இருவரும் துணிந்து போனார்கள். கரையில் ஒரு கொட்டகை போட்டார்கள். மருதாயிக்கு அந்த இடம் பிடித்துப்போனது. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது; அந்தச் சத்தத்துக்கு யாரும் ஓடி வரவேண்டியதில்லை, அது யாரையும் கூப்பிடவும் இல்லை. அந்த வாரமே மகள் பவளத்துக்கு இளைப்பு வந்தது. குழந்தையின் மார்பு உலைத்துருத்தி போல ஏறி இறங்கியது. மருதாயி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தறிமாளிகையை நோக்கி ஓடினாள். பாதி வழியில் மணிச் சத்தம் லேசாகக் கேட்டபோது தரையில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு அவள் ஆற்றுக்குப் போகவில்லை. மாறப்பன் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவனுக்கு ஓடம், அவளுக்குச் சத்தம்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவன் வந்தான். ஆடி மாதத்தில் மேல்காற்று அடிக்கும். அப்போது மட்டும் மணிச் சத்தம் ஆறு வரை போகும். மருதாயி மூன்று அடி அடித்துவிட்டு, முந்தானை கிழக்கே படபடக்கும் வரை காத்திருந்து நாலாவதை அடிப்பாள்.

"நாலாவது கேட்டுச்சு" என்பான் மாறப்பன், வந்ததும்.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. பலகைக்கு எண்ணெய் தடவிட்டு இருந்தேன். கைய எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீங்க?"

"தெரியல. எடுத்துட்டேன்."

அவர்கள் குடும்பம் நடத்தியது இப்படித்தான்.

ஓர் ஆண்டு மன்னர் மலைமேல் நின்று நாட்டைப் பார்த்தார். மக்கள் சின்னச் சின்ன வட்டங்களாக நெருக்கியடித்துக் கிடப்பதையும் நடுவே நல்ல நிலமெல்லாம் வெறுமையாக இருப்பதையும் கண்டு மனம் நொந்தார். மறுநாள் முரசறைந்தார்கள். மலையுச்சியில் ஒரு பெருமணி கட்டப்படும். அது நாடு முழுவதும் கேட்கும். யார் எங்கே நோயுற்றாலும் அது அடிக்கப்படும். வைத்தியர்களுக்கான தட்சிணையை அரண்மனை கொடுக்கும்.

மருதாயி அன்று பரண்மேல் இருந்த பெரிய சட்டியை இறக்கிக் கழுவினாள். ஆற்றங்கரைக் கொட்டகையில் மீன் குழம்பு வைப்பதற்கென்று வாங்கிய சட்டி அது. கழுவித் துடைத்து வாசலருகே வைத்தாள். பரணில் திரும்ப ஏற்றவில்லை.

மன்னர் முடிவெடுத்துவிட்டார். எனினும் முறைப்படி வணிகர் அவையோடு கலந்தாலோசிக்க வேண்டும். அவை கூடியது. அமைச்சர் பேரருளாளர் நடுவில் அமர்ந்தார். முன்வரிசையில் மணியுள்ள முதலாளிகள். பின்னால் மணியில்லாத சிறு வணிகர்கள், நின்றபடி. மணியின் பெருமையை அவைக்கு விளக்கத் தறிமாளிகையார் ஒரு சிறு மணியையும் அதைப் பிடித்துக்கொள்ள மருதாயியையும் அழைத்து வந்திருந்தார். அவள் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"பெருமணியால் மக்கள் தங்கள் உரிமையை இழப்பார்கள்" என்றார் தறிமாளிகையார். "இன்று ஒவ்வொருவனும் தனக்குப் பிடித்த சத்தத்தின் கீழ் வாழ்கிறான். நாளை எல்லோரும் ஒரே சத்தத்தைக் கேட்க வேண்டும். இது கொடுங்கோன்மையின் தொடக்கம்."

"பிடித்த சத்தத்தை அவன் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறான்?" என்று அமைச்சர் கேட்டார்.

"எங்களிடம் வேலைக்கு வருவதன் மூலம்."

அமைச்சர் தலையசைத்தார். அடுத்து மணிவார்ப்போர் சங்கத் தலைவர் எழுந்தார். மணி இலவசமாகக் கேட்டால் மக்கள் அந்த மகிழ்ச்சியிலேயே நோயுறத் தொடங்குவார்கள் என்றார். ஆயிரம் மணி வார்க்கிறவர்களை ஒரே மணி வார்க்கச் சொல்வது கலைக்கு இழைக்கும் அவமதிப்பு என்றும் சொன்னார்.

பின்வரிசையில் அப்பளம் இட்டு விற்கும் அங்கம்மாள் கையைத் தூக்கினாள்.

"எங்கிட்டப் பொண்ணுங்க வேலைக்கு வருவாங்க. தொழிலக் கத்துக்குவாங்க. கத்துக்கிட்டதும் தறிமாளிகைக்குப் போயிடுவாங்க. கேட்டா, அக்கா, உங்க அப்பளம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நொறுங்குற சத்தத்துக்கு வைத்தியர் வரமாட்டாரேங்குறாங்க. நான் அப்பளத்தப் பெருசா இட்டுருவேன். மணியப் பெருசா கட்ட எங்க போவேன்? பெருமணி வரட்டுங்க."

மாறப்பனும் வந்திருந்தான். மருதாயி அவனைப் பார்த்தாள். மரத்தூள் படிந்த தலை. அவன் பேசத் தொடங்கியபோது அவள் கையிலிருந்த சிறு மணி லேசாகக் குலுங்கியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடம் கேட்டு ஆளுங்க வராங்க. கட்டத்தான் ஆள் இல்ல. வர்றவன் ஒரு நாள் நின்னு பாக்குறான். வேலை பிடிச்சிருக்குங்குறான். காது குடுத்துப் பாக்குறான். போயிடுறான். எம் பொண்டாட்டி பிள்ளையே வரமுடியலைங்க. அவன எப்படி நான் நில்லுன்னு சொல்ல?"

"மணி கேட்காத இடத்தில் நீர் ஏன் தொழில் செய்கிறீர்?" என்றார் அமைச்சர்.

"ஆறு அங்கதாங்க இருக்கு."

பின்வரிசையில் சிரித்தார்கள். அமைச்சர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அப்போது தறிமாளிகையார் பக்கத்து நாற்காலிக்காரரின் காதருகே குனிந்தார். "எல்லோருக்கும் எங்கும் கேட்டால், நம் பக்கத்தில் யார் இருப்பார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். மருதாயி பின்னால் நிற்பது அவருக்குத் தெரியும். மணி அடிப்பவளுக்குக் காது இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

அவை கலைந்தது. அரண்மனை இரு தரப்பையும் மதிக்கும் ஒரு நடுவழியைக் கண்டது. பெருமணி உரிய காலத்தில் வரும். அதுவரை, மணியில்லாத ஒவ்வொரு குடிமகனும் மணிவார்ப்போர் சங்கத்திடம் ஒரு கைமணி வாங்கியாக வேண்டும். வாங்காதவர் அபராதம் கட்ட வேண்டும்.

மாறப்பன் ஒரு கைமணி வாங்கினான். அதைக் கரையில் நின்று அடித்தால் கொட்டகைக்குக் கேட்காது.

கைமணியால் பயன் இல்லை என்று மனுக்கள் குவிந்தன. அரண்மனை அதையும் ஆராய்ந்தது. நோய் என்பது வைத்தியர் பார்த்துச் சொல்வது. வைத்தியர் போகாத இடத்தில் நோய் இருப்பதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே சத்தம் எட்டாத இடங்களில் வாழ்வோர் அனைவரும் நலமாக இருப்பதாகக் கொள்ளப்படும். இந்த ஆணைக்குப் பிறகு நாட்டின் உடல்நலம் வெகுவாக முன்னேறியது. அமைச்சருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

மூன்றாவது ஆணை காற்றைப் பற்றியது. ஒரு முதலாளியின் மணிச் சத்தம் காற்றோடு போய் அவருடைய ஆள் அல்லாதவர் காதில் விழுகிறது. கேட்டவர் அதை வைத்து வைத்தியரை மறிக்கிறார். இது திருட்டு. எனவே காற்று வெளிப்புறமாக வீசும்போது மணி அடிக்கக் கூடாது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு காற்றுக் கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டார். அவர் ஒரு கம்பில் துணியைக் கட்டி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஆடி வந்தது. தறிக்கு நீளநூல் பாவு ஓட்டும் வேலம்மாவுக்கு வயிற்றில் கடும் வலி. அவளைத் தூக்கிவந்து மணியின் கீழே படுக்க வைத்தார்கள். மருதாயி கயிற்றைப் பிடித்தாள்.

"பொறுங்கள்" என்றார் கண்காணிப்பாளர். துணி கிழக்கே பறந்தது.

"ஐயா, துடிக்குறா."

"தெரிகிறது. காற்று அடங்கட்டும்."

"இது ஆடி மாசம். எப்போ அடங்கும்?"

"அது என் துறை அல்ல. நான் வீசுகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்வேன்."

வேலம்மா மருதாயியின் கால் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணி கீழே தொங்கியபோது அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. மருதாயி மூன்று அடி அடித்தாள். வைத்தியர் வந்தார், பார்த்தார், போனார். நாலாவது அடியை அவள் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மாறப்பன் வந்தான். கேட்கவில்லை என்று அவனும் சொல்லவில்லை, அடிக்கவில்லை என்று அவளும் சொல்லவில்லை. வாசலருகே இருந்த சட்டியில் பவளம் கூழாங்கல் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் அவன் ஆற்றிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை.

சில ஆண்டுகள் போயின. வைத்தியர்கள் ஓர் அடிக்கு இவ்வளவு என்று தட்சிணையை ஏற்றிக்கொண்டே போனார்கள். மணிவார்ப்போர் சங்கம் ஆண்டுதோறும் மணிகளைப் பரிசோதித்து ஒரு கட்டணம் வாங்கியது. பரிசோதனையில் மணி மணியாகவே இருப்பது தெரியவந்தது. பக்கத்து நாட்டுத் துணி சந்தையில் மலிவாக விற்றது. அங்கே முதலாளிகள் துணி மட்டும் நெய்தார்கள், மணி வைத்திருக்கவில்லை.

ஒரு நாள் தறிமாளிகையார் அரண்மனைக்குப் போனார்.

"மன்னா, பெருமணி வேண்டும்" என்றார். "மக்கள் படும் பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை."

"முன்பு கொடுங்கோன்மை என்றீர்களே" என்றார் அமைச்சர்.

"அப்போது மணி மலிவு."

மன்னர் மகிழ்ந்தார். மற்ற முதலாளிகளும் தறிமாளிகையாரைத் தொடர்ந்தார்கள். பெருமணிக்கு வெண்கலம் வேண்டும் என்பதால், எல்லா மணிகளும் இறக்கப்பட்டு, கைமணிகளும் திரும்ப வாங்கப்பட்டு, உருக்கப்பட்டன. முதலாளிகள் அவற்றை மனமுவந்து கொடுத்ததாகக் கல்வெட்டு வைத்தார்கள். பெருமணி வார்க்கப்பட்டு மலைக்கு ஏற்றப்பட்டது. நாடே திரண்டு நின்றது. மருதாயி பவளத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றாள். பவளம் வளர்ந்துவிட்டிருந்தாள். தோள் வலித்தது. இறக்கவில்லை.

மன்னர் கயிற்றை இழுத்தார். மணி ஆடியது. சத்தம் வரவில்லை.

மணிக்கு நாக்கு இல்லை.

மணிவார்ப்போர் சங்கம், ஆணையில் மணி என்றுதான் இருந்தது, நாக்கு என்று தனியாக இல்லை என்றது. நாக்குக்கான செலவை முதலாளிகள் ஏற்கட்டும் என்றது அரண்மனை. நாங்கள் மணியையே கொடுத்துவிட்டோம் என்றார்கள் முதலாளிகள். இதைத் தீர்க்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு கூடுவதற்கு முன்பு மணி அடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே குழு கூடவில்லை.

உருக்கிய இடத்தில் பழைய மணிகளின் நாக்குகள் குவிந்து கிடந்தன. இரும்பு உலைக்கு ஆகவில்லை. மருதாயி போய்த் தன்னுடையதைத் தேடி எடுத்தாள். ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது.

"துருப்பிடிச்ச இரும்பு. எடுத்துட்டுப் போம்மா" என்றான் காவலாள்.

இனி எங்கும் மணி கேட்காது. எங்கும் கேட்காதபோது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மருதாயி சட்டியில் இருந்த கூழாங்கற்களைக் கொட்டிவிட்டு அதில் நாக்கை வைத்தாள். தலையில் தூக்கிக்கொண்டு பவளத்தின் கையைப் பிடித்து ஆற்றை நோக்கி நடந்தாள். எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டது கிடைத்தது. கிடைத்த விதம்தான் இப்படி.

மாறப்பன் அவர்களைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தான். பவளத்தின் முதுகில் கைவைத்து மூச்சைப் பார்த்தான். சீராக இருந்தது. அன்று மீன் குழம்பு வைத்தார்கள். சட்டி அதுவரை அடுப்பேறாதது என்பதால் மண்வாசம் அடித்தது. மூன்று பேரும் அதைப் பற்றிக் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

சில வாரங்களில் ஒருவர் ஓடம் கேட்டு வந்தார். வைத்தியர் சிற்றம்பலம். தறிமாளிகை மணிக்கு வந்துகொண்டிருந்தவர். மணிகள் போனபின் அவருக்கு வேலை இல்லை. ஆற்றோடு கடல்வரை போய், அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போக நினைத்தார்.

அவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போதே பவளத்துக்கு இளைப்பு வந்தது. உதடு நீலம் பாய்ந்தது. மருதாயி வைத்தியரைப் பார்த்தாள். அவர் பெட்டி அவர் மடியில் இருந்தது. அவர் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா."

"சத்தம் வரவில்லையே அம்மா" என்றார் அவர். கல்நெஞ்சோடு சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. கால்கள் எழவில்லை.

கரையில், ஓடத்துக்குப் பூசும் கீல் காய்ச்சும் கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. மருதாயி கொட்டகைக்குள் ஓடி நாக்கை எடுத்துவந்தாள். இரு கையாலும் தூக்கிக் கொப்பரைமேல் அடித்தாள். சத்தம் கரகரத்தது. மூன்று அடி. சிற்றம்பலம் எழுந்துவிட்டார். பெட்டியைத் திறந்துகொண்டே நடந்தார். மூன்று எட்டுதான்.

பவளம் மூச்சை மீட்டுக்கொண்டபின், மாறப்பன் வைத்தியரிடம் ஓடத்துக்கு விலை வேண்டாம் என்றான். முடியும் வரை இங்கேயே தங்குங்கள் என்றான். கொப்பரையைத் துளையிட்டு மரத்தில் தொங்கவிட்டு உள்ளே நாக்கைக் கட்டினான். கயிற்றை மருதாயியிடம் கொடுத்தான்.

ஆற்றங்கரையில் ஒரு சத்தம் இருக்கிறது என்ற செய்தி பரவியது. முதலில் தச்சர்கள் வந்தார்கள். பிறகு நெசவாளர்கள், உளி பிடிக்கத் தெரியாதவர்கள், தெரியும் என்று சொன்னவர்கள். அங்கம்மாள் வந்து, ஓடத்துக்கு அப்பளம் எதுக்காவது தேவைப்படுமா என்று கேட்டாள். மாறப்பன் சிரித்து அவளையும் சேர்த்துக்கொண்டான். குறைந்த கூலிக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கொட்டகை நீண்டது. குடிசைகள் நெருக்கியடித்து வட்டமாக வளர்ந்தன. மாறப்பன் ஓடங்கள் கடல்வரை போயின.

ஒரே ஓர் ஓடம் மட்டும் முடியவில்லை. சிற்றம்பலத்தினுடையது. அடிப்பக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மரம் ஈரமா இருக்குங்க வைத்தியரே. காயட்டும்" என்பான் மாறப்பன்.

"போன வருடமும் ஈரமாக இருந்ததே."

"இது வேற மரம்."

சிற்றம்பலம் மாலையில் அந்த ஓடத்தில் ஏறி உட்கார்ந்து கடல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். மருதாயி கயிற்றின் அருகிலிருந்து அவரைப் பார்ப்பாள். அவர் முதுகு எங்கோ பார்த்த முதுகு போல இருக்கும். ஒரு நாள் அது தன்னுடையது என்று அவளுக்குப் பட்டது.

பிறகு அரண்மனையில் புதிய பேச்சு கிளம்பியது. பெருமணிக்கு நாக்கு செய்துவிடலாம் என்று மன்னர் நினைத்தார். அவர் வயதாகிக்கொண்டிருந்தார், இருமல் இருந்தது. வணிகர் அவை மீண்டும் கூடியது. மாறப்பனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலையில் மரத்தூள் இல்லை. மருதாயி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். இந்த முறை மனைவி என்பதால் நிற்க வைத்திருந்தார்கள்.

தறிமாளிகையார் பின்வரிசையில் நின்றார். ஆட்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போய்விட்டதால் அவருடைய தறிகள் சும்மா கிடந்தன. நாக்கு உடனே வேண்டும் என்று அவர் கெஞ்சினார்.

"மாறப்பனார் கருத்து?" என்றார் அமைச்சர்.

மாறப்பன் எழுந்தான். "அவசரம் வேண்டாம் என்பது என் தாழ்மையான எண்ணம்" என்றான். "பெருமணியின் சத்தம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது கேட்கும் சத்தத்தின்மேல் மக்களுக்கு ஒரு பிரியம் இருக்கிறது. அதைக் குலைக்கக் கூடாது."

மருதாயி அவன் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. எங்கே கற்றுக்கொண்டான் என்று யோசித்தாள். அவன் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலிக்காரரின் காதருகே குனிந்தான்.

"எல்லாருக்கும் எங்கயும் கேட்டா, நம்ம பக்கத்துல யாருங்க இருப்பா?"

அவை நாக்கை ஒத்திவைத்தது.

இருவரும் திரும்பி நடந்தார்கள். ஆறு கண்ணில் பட்டபிறகு மருதாயி கேட்டாள்.

"வைத்தியர் ஓடத்துக்கு அந்தப் பலகைய வச்சா என்னங்க?"

"வச்சா அவரு போயிடுவாரு. அவரு போனா ஆளுங்க போயிடுவாங்க. ஓடம் யாரு கட்டுறது?"

"ஓடத்துல பிரியம் இருக்கறவன் கட்டட்டும்."

"பிரியத்துக்கு எவன் வரான்? பவளத்த நினைச்சுப் பாரு. அவளுக்காகத்தானே எல்லாம்."

"நானும் அவளுக்காகத்தான் அங்க இருந்தேன். நீங்க இங்க இருந்தீங்க."

"அது வேற, மருதாயி."

"என்ன வேற?"

அவன் நடையை வேகமாக்கினான். நல்லவன்தான். அவள் அதை மறக்கவில்லை. பட்டறை வாசலில் ஆட்கள் எழுந்து நின்று அவனைக் கும்பிட்டார்கள். அவன் தலையசைத்துக்கொண்டே உள்ளே போனான்.

மறுநாள் விடிந்ததும் மருதாயி மரத்தடிக்குப் போனாள். கொப்பரைக்குள் கைவிட்டு நாக்கின் கொக்கியைக் கழற்றினாள். தான் திரும்பும் வரை பட்டறையில் யாருக்கும் ஒன்றும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பெருமணிக்கு இந்த நாக்கு சின்னது. தெரியும். ஆனால் மலையில் காவல் இல்லை. நாக்கில்லாத மணிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டிருந்தார்கள்.

சிற்றம்பலம் தன் ஓடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் நாக்கை உள்ளே வைத்தாள். பவளத்தை ஏற்றினாள். அவள் கையில் அந்தப் பழைய சட்டியைக் கொடுத்தாள்.

"தண்ணி உள்ள வரும். மொண்டு ஊத்திட்டே இரு."

"எங்கே போகிறோம்?" என்றார் சிற்றம்பலம்.

"நீங்க கடலுக்கு. நாங்க மலைக்கு. வழியிலதான் இருக்கு, இறக்கி விட்டுட்டுப் போங்க."

"பலகை இல்லை அம்மா."

"இல்லதான்."

அவர் சிறிது நேரம் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் எடுத்தார். கரை விலகியது. தண்ணீர் பலகை இல்லாத இடத்தில் சாவகாசமாக ஏறி வந்தது. பவளம் மொண்டு ஊற்றினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. உழைப்பினால் வாங்கும் மூச்சு. மருதாயி இரண்டுக்கும் வித்தியாசம் அறிந்தவள். ஆனாலும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பட்டறை சின்னதாகிவிட்டது. கரையில் ஒருவன் வந்து நின்றான். கையைத் தூக்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

"அம்மா, மேல போய் எத்தனை அடி அடிப்ப?" என்றாள் பவளம்.

"நாலு."

வளைவைத் தாண்டியதும் மலை தெரிந்தது. அதன் உச்சியில் பெருமணி வெயிலில் மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"நீங்க கடல்ல இறங்கின பொறவு அது அடிச்சா, திரும்பி வருவீங்களா?" என்று மருதாயி கேட்டாள்.

"காதில் விழுந்தால் கால் தானாகத் திரும்பும்" என்றார் சிற்றம்பலம். "எவ்வளவு தூரம் விழும்?"

மருதாயி மடியில் இருந்த இரும்பின் தேய்ந்த பக்கத்தைத் தடவினாள்.

"தெரியலங்க" என்றாள். "இதுவரைக்கும் யாரும் அடிச்சதில்ல."